கொழுப்பு நம் பகையா?

“அவனுக்குக் கொழுப்பு அதிகம்” என்று நாம் யாரைச் சொல்கிறோம்? ஆணவத்துடன் நடப்பவரைத்தான். கொழுப்பு என்னும் சொல்லுக்குத் தமிழில் இப்படி ஒரு கெட்ட பெயர் நெடுநாளாக உண்டு. இப்பொழுது உணவுத் தட்டிலும் அது அதே பெயரைத்தான் சுமக்கிறது.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு காட்சியை அடிக்கடி காண்கிறேன். மாணவர்கள் சிலர் நாசி லெமாக்குடன் வரும் அவித்த முட்டையின் வெள்ளைக் கருவை மட்டும் உண்டுவிட்டு, மஞ்சள் கருவைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், “அது கொழுப்பு ஐயா, உடம்பு பருத்துவிடும்” என்கிறார்கள். அவர்கள் மிச்சமின்றி உண்ட சோறு தேங்காய்ப்பாலில் வெந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்! கொழுப்பை அடியோடு வெறுப்பது அறியாமை என்பதே என் கருத்து.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அத்தகைய சவ்வுகளைப் பத்தாயிரத்துக்கும் மேல் அடுக்கினால்தான் ஒரு தாளின் தடிமன் கிடைக்கும். அந்தச் சவ்வின் அடிப்படைப் பொருள் எது தெரியுமா? கொழுப்புதான்! 1925ஆம் ஆண்டு, ஹோர்ட்டர், கிரெண்டல் என்னும் டச்சு ஆய்வாளர்கள் இருவர், இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின்மேல் பரப்பினர். அது அவ்வணுக்களின் மேற்பரப்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இடத்தை அடைத்தது. சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்குகளாக இருக்கிறது என அவர்கள் முடிவு செய்தனர்.

இக்கொழுப்பு மூலக்கூற்றுக்குத் தலையும் வாலும் உண்டு. தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுக்கும். ஆகவே, தலைகள் வெளிப்பக்கமும் உட்பக்கமும் நீரை நோக்கி நிற்க, வால்கள் நடுவில் மறைந்துகொள்கின்றன. இவ்வாறு உருவாகும் சுவரே உயிரணுவைக் காக்கிறது. நாம் அஞ்சும் கொலஸ்ட்ராலும் இச்சுவரில் உண்டு. சுவர் அளவுக்கு மீறி இளகாமலும் இறுகாமலும் இருக்க அது உதவுகிறது.

சுவர் மட்டும் இருந்தால் போதுமா? வாசல் வேண்டாமா? அந்த வேலையைப் புரதங்கள் செய்கின்றன. நீர் செல்வதற்கென்றே தனி வாசலாக விளங்கும் புரதத்தைக் கண்டறிந்ததற்காக, பீட்டர் ஏகர் 2003ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்சுலின் வந்து தட்டும்போது அதை உணர்ந்து உயிரணுவுக்குள் செய்தி அனுப்புவதும் சவ்விலுள்ள ஒரு புரதமே. உயிரணுக்கள் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்க்காதபோது, சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிவிடுகிறது. நம் வீடுகளில் பலரை வாட்டும் நீரிழிவு நோய்க்கு இதுவும் ஒரு காரணம்.

சுவருக்கும் வாசலுக்கும் வேண்டிய பொருள்களை நாம் உண்ணும் உணவே தருகிறது. சில கொழுப்பு அமிலங்களை நம் உடலால் உருவாக்கவே முடியாது. உணவின்வழிதான் அவற்றைப் பெற வேண்டும். ஏ, டி, ஈ, கே ஆகிய உயிர்ச்சத்துகளை உடல் ஈர்த்துக்கொள்ளவும் கொழுப்பு தேவை. மாணவர்கள் ஒதுக்கிய மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின், சவ்வின் சுவரை எழுப்பும் கொழுப்பு வகையைச் சேர்ந்ததே. அதன் பெயரே மஞ்சள் கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

“அப்படியானால், மாரடைப்பு ஏன் வருகிறது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மலேசியாவில் உயிரிழப்புக்கு இதய நோய் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இருப்பதை மறுக்க முடியாது. எண்ணெயில் பொரித்தவற்றை நாள்தோறும் உண்பதும், ஓடியாடாமல் கைப்பேசியே கதியென்று கிடப்பதும் கேட்டையே தரும். இங்கே குற்றவாளி அளவும் வகையும்தான். கொழுப்பு என்னும் பொருள் அன்று. உப்பு மிகுந்தால் கறி கெட்டுவிடும் என்பதற்காக உப்பே இல்லாமல் சமைப்போமா?

வளரும் பருவத்தில் உடல் நாள்தோறும் புதிய உயிரணுக்களை உருவாக்குகிறது. ஒல்லியாகத் தோன்ற வேண்டும் என்னும் ஆசையில் கண்டதையும் ஒதுக்குவது, வீடு கட்டும்போதே செங்கல்லை வீசி எறிவதற்கு ஒப்பாகும். மீன், முட்டை, கடலை, எள், சோயா போன்றவற்றை அளவோடு உண்போம். பொரித்த உணவைக் குறைப்போம். தட்டில் உள்ளதை ஒதுக்குமுன், அது உடலுக்குள் சென்று என்ன வேலை செய்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.