பைக்ல இருக்குற அந்த மூணு கம்பி... யமஹா வளர்ந்த கதையும் நம்ம வீட்டு கீபோர்டும்!

அடுத்த முறை யமஹா பைக் எதையாவது பார்த்தா, அதோட லோகோவைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. வட்டத்துக்குள்ள ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டு நிற்கிற மூணு கம்பிகள். ஸ்கூல் பிசிக்ஸ் லேப்ல தட்டி, காதுகிட்ட வெச்சுக் கேட்டோமே, அதே இசைக்கவைதான். ஏன்னா, பைக் எல்லாம் பின்னால வந்தது. யமஹா முதல்ல செஞ்சது ஆர்கன்!

1887-ல் ஜப்பானின் ஹமமட்சு நகரத்துப் பள்ளி ஒன்றில் வெளிநாட்டு ஆர்கன் ரிப்பேர் ஆயிடுச்சு. சரிபண்ண வந்தவர் டொரகுசு யமஹா. பிரிச்சுப் பார்த்தவருக்கு, ‘இதை நாமளே கம்மி விலையில செய்யலாமே’னு தோணுச்சு. கூட்டாளியோட சேர்ந்து ஒண்ணைச் செஞ்சும் முடிச்சார். பிறகு ரெண்டு பேரும் அதைக் கம்பில கட்டித் தோள்ல சுமந்துக்கிட்டு, ஹகோனே மலையைத் தாண்டி, சுமார் 250 கிலோமீட்டர் நடந்தே டோக்கியோ போனாங்க. அங்கே இசைப்பள்ளியில் வாசிச்சுப் பார்த்தவங்க சொன்னது, ‘சுருதி சரியில்லை.’ அவ்ளோ தூரம் சுமந்துட்டுப் போனவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனா மனுஷன் அங்கேயே தங்கி இசை இலக்கணம் படிச்சார். ஊர் திரும்பி, இரண்டாவது ஆர்கனைச் சுருதி சுத்தமா செஞ்சார். 1897-ல் கம்பெனி, 1900-ல் பியானோ.

போர்க்காலத்தில் இதே நிறுவனம் விமானங்களுக்கு புரொப்பல்லர் செஞ்சது. போர் முடிஞ்சதும் சும்மா கிடந்த அந்த மெஷின்களை என்ன பண்றதுனு யோசிச்சப்பதான் பைக் பிறந்தது. 1955-ல் யமஹா மோட்டார் தனி நிறுவனமாப் பிரிஞ்சது.

எனக்கு பைக்கைவிட சுவாரஸ்யமா தெரியுறது அதுக்கு முந்தின வருஷம் நடந்ததுதான். வாசிக்கத் தெரிஞ்சவங்க இருந்தாதானே பியானோ விற்கும்? அதனால 1954-ல் குழந்தைகளுக்கான இசை வகுப்பையே யமஹா தொடங்கியது. வகுப்புக்கு வர்ற குழந்தை, நாலு வருஷம் கழிச்சு ஒரு பியானோவுக்கான கஸ்டமர். என்னைக் கேட்டா, 1983-ல் வந்து சினிமா இசையையே மாத்திப்போட்ட டிஎக்ஸ்7 சிந்தசைஸரைவிட, இந்த வகுப்புதான் யமஹாவோட பெரிய கண்டுபிடிப்பு.

இந்த ஃபார்முலா சீனாவில் பல வருஷம் சூப்பரா ஓடுச்சு. ஒரே குழந்தை, கையில காசு, வீட்டுல ஒரு பியானோ. கலைத்திறமைக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வேற! அந்தச் சலுகையைக் குறைச்சாங்க. பிறப்பு விகிதமும் விழுந்தது, ரியல் எஸ்டேட்டும் படுத்தது. பியானோ விற்பனை சரிஞ்சு, யமஹாவோட கணக்குப் புத்தகத்தையும் அது நல்லாவே கடிச்சது. இசைக்காக வாங்கினவங்க எத்தனை பேர், மார்க்குக்காக வாங்கினவங்க எத்தனை பேர்னு அப்போதான் தெரிஞ்சது.

இப்போ அவங்க கண்ணு இந்தியா மேல. 2019-ல் சென்னைக்குப் பக்கத்தில் இசைக்கருவி ஆலையைத் திறந்தாங்க. அகூஸ்டிக் கிட்டாரும் கீபோர்டும் இங்கேயே தயாராகுது. நம்ம மார்க்கெட்டுக்குனே தபலா, தம்புரா சத்தங்களோட தனி மாடல்களும் இருக்கு. (பட்டனைத் தட்டினா தபலா வாசிக்குது, தபலா கலைஞருக்குக் கச்சேரி ஒண்ணு குறையுது. அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும்.) உள்ளூர்லயே தயாரானா, இறக்குமதி வரி மிச்சம், நமக்கு வேலைவாய்ப்பு. இதுவரைக்கும் நல்ல செய்திதான்.

எனக்குள்ள ஒரே ஒரு உறுத்தல். நம்ம ஊர் மியூசிக் கிளாஸ்லயும் ‘பையன் எந்த கிரேடு முடிச்சிருக்கான்?’ங்கிற கேள்விதானே முதல்ல வருது? சர்டிஃபிகேட்டுக்காக வாசிக்கிற குழந்தை, பத்தாவது வந்ததும் கீபோர்டை மூடி வெச்சிடும். ஆலை ஓடணும்னா கீபோர்டு விற்றா மட்டும் போதாது. அது வீட்டுல தினமும் ஒலிக்கணும். அப்பதான் அடுத்த மாடலை யாராவது வாங்குவாங்க.

சந்தேகம்னா, பழைய பொருள் விற்கிற ஆப்பைத் திறந்து, உங்க ஏரியா பேரோட ‘கீபோர்டு’னு தேடிப் பாருங்க. ‘ரெண்டு மாசம்தான் யூஸ் பண்ணோம், புதுசு மாதிரி இருக்கு’னு எத்தனை விளம்பரம் வருதுனு எண்ணிட்டு வாங்க. யமஹாவுக்கு நம்ம ஊர்ல நிஜமான போட்டியாளர் அவங்கதான்!