ஐம்பதிலும் வளையலாம்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்னும் பழமொழி தொழிற்கல்விக்குப் பொருந்தாது.

கற்பிட்டிக் குடாநாட்டுக்குக் காற்றாலைகள் வந்தன. நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2014இல் 900 மெகாவாற்று வலுப் பெற்றது. அயலில் வாழும் கடற்றொழிலாளி ஒருவர், படகு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்ட வல்லவராயினும், சான்றிதழ் இன்மையால் வேலை கேட்கத் தயங்குவதுண்டு.

அவருக்கும் வழியுண்டு. ஏழு படிகள் கொண்ட தேசியத் தொழிற்றகைமை முறையில், கைப்பழக்கத்தால் கற்றதையும் பரீட்சித்துச் சான்றிதழ் வழங்குவர். குறை காணின், அப்பகுதியைப் பயின்று மீளத் தோற்றலாம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழிற்பயிற்சி அதிகாரசபையை நாடி விவரம் அறிக.

மாணவ நேயர்களே! விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தந்தையர்க்கு உதவுங்கள். மைந்தரின் தேர்ச்சியில் மகிழும் வீடு, தந்தையின் தேர்ச்சியிலும் மகிழட்டும்.