கொடையும் பறிப்பும்

சிபி மன்னன் புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் இட்ட கதையைத் தமிழ்ப்பள்ளியில் பயின்ற எவரும் மறந்திருக்க மாட்டார். ஆயினும் அக்கதையின் உயிர்நாடியைப் பலர் மறந்துவிட்டனர். சிபி அரிந்தது தன் தசையை. அரசியை அழைத்து அவள் தசையை அரியுமாறு அவன் பணிக்கவில்லை. கண்ணப்பர் தம் கண்ணை இடந்து அப்பியதும் எவர் கட்டளைக்கும் அஞ்சி அன்று. தானே முன்வந்து தருவது கொடை. சூழ்ந்து நின்று வாங்குவது பறிப்பு.

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இவ்வேறுபாடு மங்கிவிடக் கூடாது. மலேசியாவில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதற்காரணம் நீரிழிவே. நோய் முற்றியவர் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு பிணைந்து கிடக்க வேண்டும். ஜாசின், அலோர் காஜா மாவட்டத் தோட்டங்களிலிருந்து போய்த் திரும்பும் தந்தைக்கு அந்நாள் முழுதும் அதிலேயே கழிகிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் நலம் என்று மருத்துவர் கூறியதும் உறவினர் கூடுகின்றனர். மகன் குடும்பத்தைத் தாங்கும் தூணாம்; அவன்மீது கத்தி படலாகாதாம். மருமகன் அயலானாம். எஞ்சுவோர் மனைவியும் மணமாகாத மகளுமே. "அப்பாவைச் சாகவிட்டுப் பார்த்துக்கொண்டு இருப்பாயா?" என்று அத்தை ஒருத்தி கேட்டுவிட்டால், அப்பெண்ணின் வாய் அடைபட்டுப் போகிறது. அவள் தலையசைத்ததும் அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுகின்றனர். உலகின் பல நாடுகளில் உயிருடன் சிறுநீரகம் தருவோருள் பெண்களே மிகுதி. பெறுவோருள் ஆண்களே மிகுதி. இது தற்செயல்தானா?

பெற்றோருக்குச் செய்வது பிள்ளையின் கடமையன்றோ என்று வாதிடுவோர் உண்டு. கடமையென்றால் அது மகனுக்கு மட்டும் இல்லாமற் போனது எங்ஙனம்?

சிறுநீரகம் ஒன்றை ஈந்தவர் அரைமனிதர் ஆகிவிடுவார் என்னும் அச்சம் வீணானது. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் இரட்டையருள் ஒருவர் மற்றவருக்குத் தம் சிறுநீரகத்தை ஈந்தார். ஈந்தவர் 2010 வரை வாழ்ந்தார். மலேசியாவிலும் 1975-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் இச்சிகிச்சை தொடங்கியது. எனினும் அறுவை அறுவையே. ஈபவர் முழுமையாகச் சோதிக்கப்பட வேண்டும். அதன் பின்னரும் வாழ்நாள் முழுதும் உடலைக் கண்காணித்துவர வேண்டும். அச்சிறு இடரை ஏற்பதா மறுப்பதா என முடிவு செய்ய வேண்டியவர் அவ்வுடலுக்கு உரியவரே.

மனமுவந்து ஈந்த மகளையேனும் உலகம் போற்றிக் காக்கிறதா? பீகாரின் முன்னாள் முதலமைச்சர் லாலு பிரசாத்துக்கு, சிங்கப்பூரில் வாழ்ந்த அவர் மகள் ரோகிணி ஆச்சார்யா 2022 டிசம்பரில் தம் சிறுநீரகத்தை ஈந்தார். நாடே பாராட்டியது. மூன்றாண்டுகள் கழித்து, 2025 நவம்பரில் குடும்பப் பூசல் மூண்டபோது, அந்தச் சிறுநீரகத்தையே இழித்துத் தம்மைப் பழித்ததாக அவரே வெளிப்படையாக எழுதினார். பாராட்டுக்கு ஆயுள் அவ்வளவே!

வீட்டில் பெறாதவர் பணத்தால் பெற முனைவதும் இதே நோயின் மறுமுகம். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ந்து 2002-இல் வெளிவந்த ஆய்வு, அவர்களுள் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றனர் என்றும், விற்றபின் அவர்தம் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றும் காட்டியது. ஆங்கே வறுமை பறித்தது. ஈங்கே உறவு பறிக்கிறது.

ஆதலின் ஈபவரைத் தனியே அமர்த்தி அவர் உள்ளத்தை அறிவதும், அவர் மறுப்பின் அம்மறுப்பை உறவினர் அறியாமற் காப்பதும் மருத்துவர் கடன். நீரிழிவைத் தடுக்கும் உணவொழுக்கத்தையும், மகனுக்கும் மகளுக்கும் உடல் ஒன்றே என்பதையும் வகுப்பில் உரைப்பது ஆசிரியர் கடன். சிபியின் கதையை இனிப் பயிற்றுவோர், தராசில் ஏறியது யாருடைய தசை என்று மாணாக்கரைக் கேட்கட்டும். மறுக்கும் உரிமை உள்ள மகள் இசைந்தால்தான் அது கொடை.