பிஸ்கட் டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

போன மாதம் என் மனைவிக்குச் சிறுநீர்த் தொற்று. குளிர்க்காய்ச்சல். வழக்கமான மாத்திரை மூன்று நாள் சாப்பிட்டும் இறங்கவில்லை. டாக்டர் கல்ச்சர் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கிருமிக்கு மருந்து கேட்கும் என்றால் பக்கத்தில் ‘எஸ்’, கேட்காது என்றால் ‘ஆர்’. முக்கால்வாசி ‘ஆர்’. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம் ஊசி போட்டார்கள். இப்போது நலமாக இருக்கிறார்.

"இதுக்கு முன்னாடி என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. சளி, தொண்டைவலி என்றால் மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கி, இரண்டு நாள் சாப்பிட்டு, மிச்சத்தை அதில் போட்டு வைப்பேன். அடுத்த முறை யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பவன் நான்தான். பல வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்தியவன்!

"உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்று சொல்கிறோம். அது தவறு. மாறுவது உடம்பு அல்ல, கிருமி.

நல்ல சூழல் கிடைத்தால் ஈ.கோலை பாக்டீரியா சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்று, 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். இத்தனை முறை நகல் எடுக்கும்போது எங்காவது எழுத்துப்பிழை வரும். அந்தப் பிழைகளில் ஒன்று மருந்திலிருந்து தப்பிக்க வழி செய்துவிடலாம். சில கிருமிகள் மருந்தை உடைக்கும் நொதியைச் செய்யும். சில, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும். சில, மருந்து பிடிக்கும் இடத்தையே மாற்றிக்கொள்ளும். மருந்து கொடுக்கும்போது மற்றவை சாகும். தப்பியது மட்டும் பெருகும்.

சரி, ஒரே கிருமி பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் அடங்காமல் போவது எப்படி? அதை முதலில் தெளிவாகக் கண்டவர்கள் ஜப்பானியர்கள். 1950-களில் அங்கே சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்குக்கும் சேர்ந்தே அடங்காமல் போனது. அதே நோயாளிகளின் குடலில் இருந்த ஈ.கோலைக்கும் அதே நான்கு எதிர்ப்புகள். அது வேறு வகைக் கிருமி ஆயிற்றே! 1959-ல் விடை கிடைத்தது. ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கு அந்த எதிர்ப்பைக் கொடுக்கிறது. கொடுக்கப்படுவது பிளாஸ்மிட் என்னும் சிறிய டி.என்.ஏ வளையம்.

தேர்வு அறை மேற்பார்வைக்குப் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு பையன் பிட் எழுதி வருகிறான். அதில் ஒரு கேள்விக்கு அல்ல, நான்கு கேள்விக்கும் விடை. அது பெஞ்சு பெஞ்சாகக் கைமாறுகிறது. நம் குடலில் நடப்பதும் அதுதான். நாம் ஒரே ஒரு மருந்தைத் தேவையில்லாமல் சாப்பிட்டாலும், பிட் வைத்திருப்பவன் மட்டும் பிழைப்பான். அவனோடு மற்ற மூன்று விடைகளும் பிழைக்கும். சாப்பிடாத மருந்துக்கும் எதிர்ப்பு வருவது இப்படித்தான்.

என் டப்பாதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தக் கிருமிகள் கை வழியாக, தண்ணீர் வழியாக அடுத்தவர் வீட்டுக்கும் போகும். அதனால்தான் "என் உடம்பு, என் மாத்திரை" என்ற பேச்சு இங்கே எடுபடாது.

தப்பு நம்முடையது மட்டுமல்ல. முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பெயரோடு பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்1 பட்டியல் விதி 2014 முதல் இருக்கிறது. கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. கோழி, கால்நடைகளுக்கும் ஆன்டிபயாடிக் போகிறது. கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டினை அவற்றுக்குக் கொடுக்க 2019-ல்தான் மத்திய அரசு தடை போட்டது. விதியை எழுதினால் போதாது, நடைமுறைப்படுத்த வேண்டும். உலகில் 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ஆனால் அரசு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரண சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை, ஆன்டிபயாடிக் அவற்றை ஒன்றும் செய்யாது. "சீக்கிரம் குணமாக ஸ்ட்ராங்கா ஏதாவது எழுதுங்க" என்று டாக்டரை வற்புறுத்தாதீர்கள். அவர் எழுதினால், சொன்ன அளவு, சொன்ன நாள் சாப்பிடுங்கள். நடுவில் நிறுத்துவதென்றால் அவரைக் கேட்டு நிறுத்துங்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று பொருள்.

எங்கள் வீட்டு டப்பாவில் இப்போது பொத்தான்களும் ஊசிநூலும் இருக்கின்றன. உங்கள் வீட்டு டப்பாவை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே என்ன இருந்தது என்று கமெண்டில் சொல்லுங்கள். நான் திட்ட மாட்டேன்.