சரக்கே இல்லாத பில்லும் காசு கொடுத்த பேக்லிங்க்கும்

புதுசா ஒரு அஃபிலியேட் தளம் ஆரம்பிச்சா எல்லோரும் சொல்ற முதல் அட்வைஸ், "நாலு ஆர்ட்டிக்கிள் எழுதி நாற்பது இடத்துல போடு, பேக்லிங்க் தானா வரும்" என்பதுதான். நானும் கேட்டேன். பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: அஃபிலியேட் என்பது நம்ம ஊர் கமிஷன் ஏஜென்ட் வேலைதான். நம் தளத்தில் இருக்கும் லிங்க்கைச் சொடுக்கி ஒருவர் பொருள் வாங்கினால் நமக்குக் கமிஷன். அமேசான் இதை 1996-லேயே ஆரம்பித்துவிட்டது. ஆனால் புதுத் தளத்தை யாருக்குத் தெரியும்? கூகுள் காட்ட வேண்டும். கூகுள் காட்ட வேண்டுமென்றால் மற்ற தளங்கள் நம்மைச் சுட்ட வேண்டும். அதுதான் பேக்லிங்க்.

1998-ல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் பேஜ்ரேங்க்கை விளக்கி எழுதியபோது அடிப்படை ரொம்ப எளிமை. நல்ல ஆராய்ச்சிக் கட்டுரையை மற்றவர்கள் மேற்கோள் காட்டுவார்கள் இல்லையா? அதுபோல ஒரு பக்கத்துக்கு வரும் லிங்க் எல்லாம் சிபாரிசு. பெரிய இடத்துச் சிபாரிசுக்கு மதிப்பு அதிகம்.

சிபாரிசுக்கு மதிப்பு என்று தெரிந்தால் நாம் சும்மா இருப்போமா? ஈஸின் ஆர்ட்டிக்கிள்ஸ் மாதிரி கட்டுரைக் கிடங்குகளில் ஒரு கட்டுரை போட்டு, அடியில் பெயரும் லிங்க்கும் வைப்பது வழக்கமானது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம், அடியில் இருக்கும் பெட்டியை மட்டும் நீக்கக் கூடாது. ஆரம்பத்தில் இது நியாயமான பண்டமாற்று. அவருக்கு விஷயம், இவருக்கு விளம்பரம். பிறகு ஒரே கட்டுரையில் வார்த்தைகளை மட்டும் மாற்றி நூறு பிரதி துப்பும் மென்பொருள் வந்தது. படிக்க ஆளில்லாத கட்டுரைகள் மலையாகக் குவிந்தன.

2011 பிப்ரவரியில் பாண்டா வந்தது. அமெரிக்காவில் 11.8 சதவீதத் தேடல்களில் அதன் பாதிப்பு தெரியும் என்று கூகுளே சொன்னது. கட்டுரைக் கிடங்குகள் பலமாக அடி வாங்கின. 2012 ஏப்ரலில் பெங்குவின், செயற்கை லிங்க்குகளைக் குறிவைத்தது. 2013-ல் பெரிய அளவில் செய்யும் ஆர்ட்டிக்கிள் மார்க்கெட்டிங்கைக் கூகுள் தன் விதிகளில் பெயர் சொல்லியே சேர்த்துவிட்டது.

இவ்வளவும் படித்த பிறகுதான் புத்தி வந்தது. அதற்கு முன்பே 2,000 ரூபாய் போயிருந்தது. :-)

என் தளம் டேபிள் டாப் வெட் கிரைண்டர்களைப் பற்றியது. ஒருவர் 300 ஆங்கிலக் கட்டுரை போட்டுத் தருவதாகச் சொன்னார், சொன்னபடி போட்டும் தந்தார். ஒன்றைத் திறந்து பார்த்தேன். வெட் கிரைண்டர் அங்கே 'டேம்ப் கிரஷர்' ஆகியிருந்தது! மாவு அரைக்கும் சமாச்சாரம் கல்குவாரி சமாச்சாரமாகிவிட்டது. மூன்று மாதத்தில் அந்த 300 கட்டுரை வழியாக வந்தவர்கள் 11 பேர். அதில் இரண்டு தடவை நானே.

பி.காம். நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும். அக்கமடேஷன் பில் படித்திருக்கிறோம். சரக்கே கைமாறாமல், உதவிக்காக ஒருவர் மேல் ஒருவர் எழுதிக்கொள்ளும் பில். பேங்கில் டிஸ்கவுன்ட் செய்து பணம்கூட வாங்கலாம். ஆனால் கெடு தேதியில் ஒருவர் கைவிரித்தால் இருவருக்கும் சிக்கல். யாரும் படிக்காத கட்டுரையில் இருக்கும் லிங்க்கும் அப்படித்தான். பின்னால் சரக்கு இல்லை. பெங்குவின் வந்த நாள்தான் கெடு தேதி.

"போட்டியாளர் இதையே செய்து மேலே நிற்கிறானே?" என்று கேட்கலாம். நிற்கலாம், கெடு வரும்வரை. இப்போது ஏ.ஐ. வைத்து ஒரே ராத்திரியில் ஆயிரம் கட்டுரை போடுகிறார்கள். தேடலில் முந்துவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களுக்கு எதிராக 2024 மார்ச்சில் கூகுள் தனி விதியே கொண்டுவந்தது. ஆள் மாறினாலும் ஆட்டம் பழசுதான்.

அப்போ கட்டுரையே எழுத வேண்டாமா? எழுதுங்கள், ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு. கூகுளே இல்லையென்றால் இதை எழுதுவேனா?

புது கிரைண்டரின் கல்தூளை எப்படிப் போக்குவது, முதல் மாவை ஏன் கொட்டிவிட வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு எழுதினேன். சமையல் தளம் நடத்தும் ஒரு அக்காவிடம் கொடுத்தேன். என் தளம் கமிஷன் தளம் என்பதையும் சொன்னேன். அவர் நோஃபாலோ போட்டுத்தான் லிங்க் கொடுத்தார். ரேங்க்குக்காகக் கொடுத்த லிங்க் இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் 40 பேர் வந்தார்கள், இரண்டு பேர் வாங்கினார்கள். 300 கட்டுரை செய்யாததை ஒன்று செய்தது.

அந்த 300-ஐ நீக்கச் சொல்லி அனுப்பிய மெயில்களுக்கு இன்னும் பதில் இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் என் பெயர் இருக்கிறது. நாளைக்கு என்னை வேலைக்கு எடுக்கப்போகிறவர் என் பெயரைத் தேடினால் 'டேம்ப் கிரஷர் நிபுணர்' என்று வரும். காசு போனதைவிட எனக்கு அதுதான் வருத்தம்.