மைக்கை எடுத்துவிடுங்கள்

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூறு பேர் உட்காரும் கூடத்தில் கிளாரினெட்டும் பியானோவும் வாசிக்கும்போது மைக் வைப்பது உபகாரம் அல்ல, உபத்திரவம். முகம் சுளிக்கும் நண்பர்கள் கடைசி வரை படித்துவிட்டுச் சண்டைக்கு வரட்டும்.

இந்த வகை இசையை நாங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் "ம்யூசிக் தெ ஷாம்ப்ர்" என்று படித்தோம். ஷாம்ப்ர் என்றால் அறை. அறைக்கென்றே எழுதியது. தேரோடும் வீதிக்கு நாகஸ்வரம், அறைக்கு இது. வீதிக்கு வேண்டிய சத்தத்தை அறைக்குள் ஏன் கொட்டுகிறீர்கள்?

கிளாரினெட்டுக்கு ஒற்றை நாணல் சீவாளி. நல்ல கலைஞர் கையில் அதன் ஓசை எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாது. இல்லாமையிலிருந்து மெல்ல எழும். பியானோ இதற்கு நேர்மாறு. சுத்தி கம்பியில் பட்ட கணமே உச்சம், அப்புறம் தேய்மானம்தான். ஒன்று வளர, மற்றது தேய, இரண்டும் சந்தித்துப் பிரிவதைக் கேட்கத்தான் போகிறோம். பாரிஸ் கான்செர்வத்துவாரின் 1910-ஆம் ஆண்டுப் பரீட்சைக்காக தெபுஸ்ஸி எழுதிய கிளாரினெட் ராப்ஸொடி, கனவு காண்பதுபோல் மெல்லத்தான் தொடங்கும். விரல் வேகத்துக்கு முன்னால் மாணவனின் மூச்சைச் சோதித்தார் அவர்.

இருவர் வாசிக்கும்போது கோல் வீசி நடத்த ஆள் இல்லை. கிளாரினெட்காரர் மூச்சை இழுப்பதே பியானோக்காரருக்குச் சைகை. முன்வரிசையில் இருந்தால் நமக்கும் அது கேட்கும். ஒருவர் ஓங்கினால் மற்றவர் அடங்குவார். இந்தப் பங்கீடு முழுக்க அந்த இருவரின் பொறுப்பு. மைக் வந்ததும் அது பின்னால் குமிழ் திருகுகிற தம்பியிடம் போய்விடுகிறது. அவர்மேல் குற்றமில்லை. மெல்ல வாசித்தால் ஏற்றுகிறார், ஓங்கி வாசித்தால் இறக்குகிறார். இவர்கள் மாதக்கணக்கில் உழைத்து உண்டாக்கிய மேடுபள்ளத்தை ரோடு ரோலர் விட்டுச் சமன் செய்துவிடுகிறார்.

சமீபத்தில் ஒரு கூடத்தில் பூலங்க்கின் கிளாரினெட் சொனாட்டாவை வாசித்தார்கள். எண்பது நாற்காலிக்கு இரண்டு பெரிய ஒலிபெருக்கி. நண்பர் ஒனேகரின் நினைவாக பூலங்க் 1962-இல் எழுதியது அது. 1963 ஜனவரியில் அவரே இறந்துவிட்டார். ஏப்ரலில் நியூயார்க் கார்னகி ஹாலில் பென்னி குட்மனும் லெனர்ட் பெர்ன்ஸ்டைனும் அரங்கேற்றினார்கள். அதன் நடுப்பகுதி துக்க வீட்டில் அடங்கிய குரலில் பேசுவதுபோல் இருக்கும். அந்த இடத்தில் ஒலிபெருக்கி "ங்ங்" என்று இரைந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார். அவர் முதுகும் அந்த வெளிச்சமும்தான் எனக்குக் கிடைத்த கச்சேரி.

ஆபீசில் வாழ்நாளெல்லாம் நகலுக்கு முத்திரை குத்தியவன் சொல்கிறேன்: அசல் எதிரில் இருக்கும்போது எவனும் நகல் கேட்கமாட்டான். போனில் பிடிப்பது நகல். ஒலிபெருக்கி வழியே வருவதும் நகல்தான்.

"வயதானவர்களுக்குக் கேட்க வேண்டாமா?" என்பார்கள் அமைப்பாளர்கள். என் பெயரைச் சொல்லி மைக்குக்கு வக்காலத்து வாங்க வேண்டாம். என் வலது காதிலும் கருவி இருக்கிறது. முதுமையில் முதலில் குறைவது உச்சஸ்தாயி ஓசைகளும் தெளிவும். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். எங்களுக்கு உண்மையிலேயே உதவ விரும்பினால் முதல் இரண்டு வரிசையைக் கொடுங்கள், கதவைச் சாத்துங்கள், மின்விசிறியைக் குறையுங்கள்.

1941 ஜனவரி 15 அன்று கெர்லிட்ஸ் போர்க்கைதி முகாமில், கடுங்குளிரில், ஒலிவியே மெஸ்ஸியான் தம் நால்வர் இசையை அரங்கேற்றினார். பியானோ அவர் கையில். கூட வயலின், செல்லோ, கிளாரினெட். அதில் ஒரு பகுதி முழுக்கத் தனிக் கிளாரினெட்டுக்கே உரியது. சுரங்கள் இன்மையிலிருந்து எழுந்து பெருகும். பட்டினியும் பயமுமாய் இருந்த நூற்றுக்கணக்கான கைதிகளுக்கு அங்கே யார் மைக் வைத்துக் கொடுத்தார்கள்? அவர்களால் வாயை மூடிக் காதைத் திறக்க முடிந்தது. குளிர்சாதனக் கூடத்தில், மெத்தை நாற்காலியில் சாய்ந்திருக்கும் நமக்கு ஒரு மணி நேரம் முடியாதா?

காதில் வந்து விழுவதை பிரெஞ்சில் "ஆந்தாந்த்ர்" என்பார்கள். நாமாகக் காது கொடுப்பது "எக்குத்தே". மைக் முதலாவதைச் சுலபமாக்கி, இரண்டாவதற்கு அவசியமே இல்லாமல் செய்துவிடுகிறது. மெல்லிய ஓசைதான் நம்மை முன்னால் சாய்ந்து கேட்க வைக்கும். சத்தம் தானே வந்து காதில் விழுந்தால் யார் சாய்வார்கள்? சாய்வு நாற்காலியில் தூங்குவார்கள். தூங்குகிறார்கள், பார்க்கிறேன்.

அடுத்த நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்கிறவர்களுக்கு விண்ணப்பம்: வரவேற்புரைக்கு மைக் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிந்ததும் அதை எடுத்துவிடுங்கள். எங்கள் காது இன்னும் எத்தனை நாளைக்கோ, தெரியாது. அதுவரை அசலைக் கேட்க விடுங்கள்.