உடன்பிறந்தாரும் உடன்வாங்கிய மனையும்

முன்னோர் வைத்துச் சென்ற நிலத்திற்காக உடன்பிறந்தார் வழக்காடுதல் நம் நாட்டில் புதிதன்று. ஆயின், அன்பினாற் பொருள் கூட்டித் தாமே வாங்கிய மனைக்காகவும் அவர் நீதிமன்றம் ஏறுதலைக் காண்கின்றோம். இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம்.

சகோதரர் இருவர் ஒரு மனை வாங்குகின்றனர் எனக் கொள்வோம். மூத்தவன் அயல்நாட்டில் உழைத்து விலையில் மூன்றில் இரண்டு பங்கை அனுப்புகின்றான். இளையவன் எஞ்சியதைக் கொடுத்து, பத்திரம் பதிவு செய்வித்து, ஆண்டுதோறும் வரி செலுத்தி வருகின்றான். "நமக்குள் கணக்கு எதற்கு?" என்று தாய் கூற, ஒன்றும் எழுதப்படவில்லை. ஆண்டுகள் இருபது கழிந்தபின் பங்கு கேட்க வருவோர், அவ்வன்பைக் கண்டறியாத அவர்தம் மக்களே.

இதற்கு இந்தியச் சட்டம் கூறும் விடை யாது? வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, தனித்தனிப் பணத்தால் வாங்கியோர்க்குக் கொடுத்த தொகைக்கேற்ற பங்கு உண்டென்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விதிக்கின்றது. எவர் எவ்வளவு கொடுத்தார் என்பதற்குச் சான்றில்லையேல், யாவர்க்கும் சமபங்கெனவே கொள்ளப்படும். எனவே மூத்தவனது இரண்டு பங்கு ஒன்றரையாகக் குறைதல் கூடும். நீதிபதியைக் குறைகூறிப் பயனில்லை. அவர் சான்றைக் காண்பாரேயன்றி நெஞ்சைக் காண்பாரல்லர்.

பத்திரம் ஒருவர் பெயரிலேயே இருப்பின் இடர் இன்னும் பெரிது. பிறர் பெயரில் வாங்கிய சொத்தைப் பணம் கொடுத்தவர் தமதென வழக்கிடுதலை 1988-ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம் பொதுவாகத் தடுக்கின்றது. 2016-ஆம் ஆண்டின் திருத்தம் உடன்பிறந்தார்க்கு விலக்களிக்குமிடத்தும், பணம் வந்த வழி அறியப்பட்டதாயிருத்தலோடு, இருவர் பெயரும் கூட்டுரிமையாளராக ஓர் ஆவணத்திற் காணப்படல் வேண்டும் என்கின்றது. மேலும், பகுக்கவியலாத வீட்டை விற்றுப் பணத்தைப் பகிருமாறு கட்டளையிட 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இடந்தருகின்றது. தாய் வாழ்ந்த இல்லம் அயலார் கைப்படுதலும் நேரலாம்.

உடன்பிறந்தாரிடம் எழுத்துக் கேட்டல் ஐயுறுதலாகாதோ எனச் சிலர் வினவுவர். மணநாளிற் பதிவேட்டிற் கையொப்பமிடும் மணமக்கள் ஒருவரையொருவர் ஐயுற்றோ அங்ஙனம் செய்கின்றனர்? தாயின் சொல்லில் அன்பு உண்டு. அதனை நாம் இகழோம். ஆயினும் அவ்வன்பு அவளுக்குப் பின்னும் நிலைத்தல் வேண்டுமாயின், எழுத்தின் துணை வேண்டும் என்பதே நமது துணிபு.

ஆதலின், விரைவிற் பொருளீட்டப் புகும் மாணவ மாணவியர்க்கு நாம் கூறுவது இது. உடன்பிறந்தாரோடு சேர்ந்து நிலம் வாங்குங்கால், கிரயப் பத்திரத்தில் எல்லோர் பெயரையும் அவரவர் பங்கையும் எழுதுவியுங்கள். பணத்தை வங்கி வழியே செலுத்துங்கள். கணக்கு எழுதியபின் ஒரே இலையில் அமர்ந்து உண்ணலாம். எழுதாது விட்டாரிற் பலர் ஒரே தெருவிற் பேசாது நடக்கின்றனர்.